பிரிக்காத பொட்டலம்

ஓசூரில் பாகலூர் சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட மோட்டார் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. விசாரித்தால், "பொட்டலம் பாய் கடையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வழி சொல்வார்கள். பட்டறைக்காரரின் பெயர் சாந்த் பாஷா. பம்ப்பில் புதிய உதிரி எதைப் போட்டாலும், கழற்றிய பழையதைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டி வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்கிறவர்கள் உள்ள தொழில் இது. ஆகவே பழைய சாமானைக் காட்டுவதை எல்லா மெக்கானிக்கும் செய்வார்கள். எண்ணெய் வழிய அதைத் தரையில் உருட்டிவிடுவதோடு மற்றவர்களின் கடமை முடிந்துவிடும். இவர் மட்டும் கட்டிக் கொடுப்பார். அந்த முடிச்சு எளிதில் அவிழாது.

"என்னா பாய், தாம்பூலப் பை மாதிரி கட்டிக் குடுக்கற?" என்று சந்தில் கேலி செய்வார்கள்.

"பிரிச்சுப் பாருங்க. வெத்தல பாக்கு இருந்துச்சுன்னா திருப்பிக் கொண்டாந்து குடுத்துருங்க."

அநேகமாக எல்லோரும் அங்கேயே பிரித்துப் பார்ப்பார்கள். அதை அவர் குறையாக எடுத்துக்கொண்டதில்லை; பார்ப்பதற்குத்தானே கொடுக்கிறார். ஆனால் ஒரே ஒரு வீட்டில் அவருடைய பொட்டலம் எதுவும் பிரிக்கப்பட்டதில்லை. சாந்த் பாஷா தம் வாழ்நாளில் சம்பாதித்த மரியாதை எது என்று கேட்டால், அந்த வீட்டைத்தான் சொல்வார். இப்போது கேட்டால் சொல்வாரா என்பது தெரியவில்லை.

அவர் கல்லாவியில் பிறந்தவர். தந்தை சந்தைகளில் பாத்திரக் கடை போட்டவர். தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஃபிட்டர் படிப்பை முடித்துக்கொண்டு ஓசூருக்கு வந்தவருக்கு, சிப்காட்டில் தண்ணீர்ப் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே வரிசையின் கடைசியில், ஆய்வு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் விஜயகுமார். தயாரான பம்ப்பை அவர் ஓட்டிப் பார்த்துத் தேறியது என்று சொன்னால்தான் அது பெட்டிக்குள் போகும். தேறாததன் மீது சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போடுவார். தொழிலாளர்கள் அவருக்கு "ரிஜெக்ட் குமார்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும்; அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. யாரையும் நம்பாததற்காகத்தான் கம்பெனி தமக்குச் சம்பளம் தருகிறது என்று அவரே சொல்வதுண்டு.

கம்பெனி அந்தப் பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது இருவருமே வெளியே வந்தார்கள். சாந்த் பாஷா பட்டறை போட்டார். சில மாதங்கள் கழித்து விஜயகுமார் தம் வீட்டு மோட்டாரை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தார். வேலை முடிந்ததும் பாஷா வழக்கம்போலப் பொட்டலத்தை நீட்டினார். விஜயகுமார் வாங்கிய கையோடு அதை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டார்.

"பிரிச்சுப் பாருங்க சார்."

"எதுக்கு?"

"பழைய பேரிங்கு சார். மாத்துனேனா இல்லையான்னு..."

"பாய், இத்தன வருசம் உன் கையத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னும் என்னத்தப் பாக்கறது? போய் டீ சொல்லு."

அன்று வீட்டுக்கு வந்து தம் கணவர் இதையே திரும்பத் திரும்பச் சொன்னதாகப் பாஷாவின் மனைவி சபீஹா நினைவுகூர்கிறார். "ரிஜெக்ட் குமாரு பிரிக்காமப் போட்டுக்கிட்டாரு, பிரிக்காமப் போட்டுக்கிட்டாருன்னு ஒரே பேச்சு. பிள்ளைக்கு மார்க் வந்தப்பகூட அவ்ளோ பேசல."

அதன் பிறகு அந்த வீட்டின் மோட்டார், மிக்சி, காற்றாடி எதுவானாலும் பாஷாதான். பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்ந்து, வாளி நிறைந்ததும் பழைய இரும்புக்காரனிடம் போகும்.

விஜயகுமாருக்குக் கடல் சார்ந்த பின்னணி ஏதும் இல்லை. என்றாலும் வேலையை விட்ட பின் பாய்மரப் படகு ஒன்றின் மீது அவருக்கு ஆசை பிறந்தது. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு பழைய படகை லாரியில் ஏற்றிவந்து, கிருஷ்ணகிரிக்கு அருகே அணைநீர் தேங்கும் இடத்தில், நண்பர் ஒருவரின் மாந்தோப்பை ஒட்டிய கரையில் கட்டிவைத்தார். ஃபைபர் உடல், இரண்டு பேர் குனிந்து உட்காரக்கூடிய ஓர் அறை, காற்று இல்லாத நேரத்தில் கரைக்கு வந்து சேர ஒரு சிறிய டீசல் எஞ்சின். கயிறு இழுக்கவும் பாயைத் திருப்பவும் தாமே படித்து, தாமே தவறு செய்து கற்றுக்கொண்டார். அந்த நீரில் பரிசல் விட்டு மீன் பிடிக்கும் வெங்கடப்பன், ஒருநாள் பக்கத்தில் வந்து நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், காத்துல போற படகுக்கு இஞ்சினு எதுக்கு? எங்குளுதுல ரெண்டுமே இல்ல. அதும் போய்க்கிட்டுத்தான இருக்குது?"

மகள் ஹரிணி வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் புறப்பட இருந்தாள். புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளை அணையின் நடுவரை அழைத்துப் போய்த் திரும்புவதாக விஜயகுமார் சொல்லியிருந்தார். அந்த வாரத் தொடக்கத்தில்தான் எஞ்சின் மக்கர் செய்தது. ஓடும்போது படகின் வாலில் பீய்ச்சியடிக்க வேண்டிய தண்ணீர் வரவில்லை. அவர் பாஷாவைக் கூப்பிட்டார்.

அந்த எஞ்சினின் ஏற்பாடு இது. படகுக்கு அடியில் உள்ள வால்வு வழியாக அணைத்தண்ணீர் உள்ளே வரும். ஒரு சிறிய பம்ப் அதை இழுத்து, கூலர் எனப்படும் பித்தளைக் குழல்களின் கட்டு ஒன்றுக்குள் செலுத்தும். எஞ்சினுக்குள் சுற்றும் சூடான நீரைக் குளிர்வித்துவிட்டு, அணைத்தண்ணீர் வால் பக்கமாக வெளியேறும். பம்ப்புக்குள் சுழல்வது இரும்புச் சக்கரம் அல்ல; ஆறு இறக்கைகள் கொண்ட ரப்பர் இம்பெல்லர். ஆகாயத்தாமரை வேர் வந்து வால்வின் வாயை அடைத்திருந்தது. தண்ணீர் இல்லாமல் சுழன்ற ரப்பர் சூட்டில் கிழிந்துபோயிருக்க வேண்டும் என்று விஜயகுமார் சரியாகவே ஊகித்தார். கொச்சியிலிருந்து வரவழைத்த புதிய இம்பெல்லர் ஒன்று அவரிடம் தயாராக இருந்தது. சாந்த் பாஷா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா சார் இது, பிள்ளைங்க வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குது?"

"அதுதான் பாய் இம்பெல்லர்."

"நான் இரும்புல பாத்திருக்கேன், பித்தளைல பாத்திருக்கேன். செருப்பு ரப்பர்ல இப்பத்தான் பாக்கறேன்."

விஜயகுமார் அடிவால்வை மூடி, எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைத்தார். வால்வைத் திறக்க மறந்து யாரும் எஞ்சினைக் கிளப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பம்ப் எஞ்சினின் பின்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. பாஷா அறையின் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையை மட்டும் உள்ளே விட்டார். ஹரிணி செல்பேசி விளக்கைப் பிடித்தாள். விழும் திருகைப் பிடிக்கக் காந்தம் ஒன்றைக் கீழே வைத்தவர், முதல் திருகு அதில் ஒட்டாமல் உருண்டதும் சிரித்துவிட்டார்.

"பித்தள அங்கிள்," என்றாள் ஹரிணி.

"படகுல எல்லாமே நம்மள ஏமாத்துது பாப்பா. உங்கப்பாவ எப்படித்தான் ஏமாத்துச்சோ."

காந்தத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தம் துண்டை விரித்தார். மூடி கழன்றது. பழைய இம்பெல்லரை இரண்டு பக்கமும் நெம்பி வெளியே எடுத்தார். இறக்கைகளில் நான்கு ஒட்டியிருந்தன. கிழிந்த ஒன்று பம்ப்பின் குழிக்குள்ளேயே கிடந்தது. ஆறாவதைக் காணவில்லை. குழியைத் தடவினார். தண்ணீர் வெளியேறும் துளைக்குள் விரல் போன மட்டும் விட்டுப் பார்த்தார். ஏதும் தட்டுப்படவில்லை.

அவர் இளமையிலிருந்து பழகியவை எல்லாம் கிணற்றுப் பம்ப்புகளும் வாய்க்கால் பம்ப்புகளும். பாரூர்ப் பக்கத்து நெல் வயல்களில் பம்ப்புக்குள் எது உடைந்தாலும், அது தண்ணீரோடு போய்க் குழாயின் திறந்த வாய் வழியாக வயலில் விழும். உடைந்த துண்டைத் தேடிப் போகும் பழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. தேடினால் சேற்றில்தான் தேட வேண்டும். இந்தப் படகிலும் தண்ணீர் வால் வழியாக வெளியே விழுவதை அவர் பார்த்திருந்தார். துண்டு அணைத்தண்ணீரில் விழுந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டார். பம்ப்புக்கும் வாலுக்கும் நடுவே விரல் அளவுகூட இல்லாத குழல்கள் அடுக்கடுக்காக இருப்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண்முன் வந்தது கூலர் அல்ல, வயல்.

மற்ற வேலையில் பிழை ஏதும் இல்லை. புதிய இம்பெல்லரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பம்ப் சுழலும் திசையிலேயே இறக்கைகள் மடியும்படி முறுக்கி உள்ளே ஏற்றினார். மூடியைப் பொருத்தித் திருகுகளை இறுக்கினார். விஜயகுமார் வால்வைத் திறந்து எஞ்சினைக் கிளப்பினார்.

"வருது! தண்ணி வருது!" என்று வால் பக்கத்திலிருந்து ஹரிணி கத்தினாள்.

மெதுவான ஓட்டத்துக்கு அந்தத் தண்ணீர் போதுமானதாகவே இருந்தது.

கரையில் மாமர நிழலில் உட்கார்ந்து பாஷா பொட்டலம் கட்டினார். நான்கு இறக்கைகளோடு இருந்த சக்கரத்தையும் தனியாகக் கிடந்த ஒன்றையும் சேர்த்து வைத்தார். ஒன்று குறைகிறது, தண்ணீரோடு போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சமயத்தில் ஹரிணி தேநீர்க் குவளையை நீட்டினாள்; பேச்சு ஜெர்மனியின் குளிர் பக்கம் போய்விட்டது. முடிச்சைப் போட்டு விஜயகுமாரிடம் கொடுத்தார். அவர் வழக்கம்போலப் பிரிக்காமல் பைக்குள் வைத்தார்.

அந்த எஞ்சினுக்கான கையேட்டை விஜயகுமார் முழுவதும் படித்திருந்தார். இறக்கை கிழிந்திருந்தால் எல்லாத் துண்டுகளையும் கண்டெடுத்த பிறகே எஞ்சினை ஓட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. வேறு எவர் செய்த வேலையாக இருந்தாலும் அவர் பொட்டலத்தைப் பிரித்து எண்ணியிருப்பார். வாழ்நாள் முழுவதும் எண்ணியவர், இவர் ஒருவரிடம் மட்டும் எண்ணுவதில்லை என்று வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. பாயை விரித்தும் படகு அசையாததால், எஞ்சினை வேகமாக முடுக்கி நடுநீருக்குப் போனார்கள். பாதி வழியில் சூட்டு மணி அடித்தது. எஞ்சினை நிறுத்திய பின் நீரோட்டம் படகை, பட்டுப்போன மரங்கள் நின்ற பாறைப் பக்கம் மெதுவாகத் தள்ளத் தொடங்கியது. நீரை ஊற்றிக் குளிரவைத்தால் உடனே கிளப்பிவிடலாம் என்ற அவசரத்தில், விஜயகுமார் துணியைச் சுற்றி எஞ்சினின் நீர்மூடியைத் திருகினார். சூடான மூடியைத் திறக்கக் கூடாது என்று மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொன்னவர் அவர். கொதிநீர் பீறிட்டு அவர் வலது கையை மணிக்கட்டுவரை வேகவைத்துவிட்டது.

ஹரிணியின் கூச்சல் கேட்டு வெங்கடப்பன் பரிசலில் வந்தார். படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு கரை சேரும்வரை, வழக்கமான கேலி எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. "கைய தண்ணிக்குள்ளயே வெய்ங்க சார், எடுக்காதீங்க," என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஹரிணி பயணத்தைத் தள்ளிப்போடுவதாகச் சொன்னாள். தந்தை சம்மதிக்கவில்லை. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரே விமான நிலையத்துக்குப் போய் அனுப்பிவைத்தார்.

செய்தி தெரிந்ததும் சாந்த் பாஷா மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே வேலையைப் பற்றி இருவரும் பேசவில்லை. பிறகு சாவியை வாங்கிக்கொண்டு தனியாக அணைக்குப் போனார். வழியெல்லாம் அவருக்கு விடை தெரிந்தே இருந்தது. பொய்யாக இருக்கட்டும் என்று துஆ செய்துகொண்டே போனதாகச் சொல்கிறார். கூலரின் மூடியைத் திறந்தார். ஆறாவது இறக்கை குழல்களின் வாயில் குறுக்கே படுத்து, அதன் மேல் பாசியும் வேர்நாரும் சேர்ந்து, முக்கால்வாசி வழியை அடைத்திருந்தது.

அதைக் கழுவி, கைக்குட்டையில் வைத்து, நேரே விஜயகுமாரின் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். தூக்கிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு வழி இருந்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை.

பொட்டலம் குளிர்சாதனப் பெட்டியின் மேல், முடிச்சு அவிழாமல் இருந்தது.

"சார், இது அதுக்குள்ள இருக்க வேண்டியது," என்று கைக்குட்டையை விரித்துக் காட்டினார் பாஷா.

விஜயகுமார் அதைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பார்த்தார். "எடு," என்றார்.

அந்த வீட்டில் முதன்முதலாகப் பிரிக்கப்பட்ட பொட்டலத்தைப் பிரித்தவர், அதைக் கட்டியவரேதான். முடிச்சு இறுகிக் கிடந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியதாயிற்று. சக்கரத்தையும் துண்டுகளையும் மேசைமேல் சேர்த்து வைத்தபோது இம்பெல்லர் முழுமையாக இருந்தது.

"பிரிச்சிருந்தா எண்ணியிருப்பேன்," என்றார் விஜயகுமார்.

"நான் எண்ணித்தான் சார் கட்டுனேன்."

விஜயகுமார் நிமிர்ந்து பார்த்தார். அவர் எதிர்பார்த்தது அந்தப் பதில் அல்ல. கவனிக்காமல் விட்டுவிட்டதாகச் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே மன்னித்திருக்கக்கூடும்.

"கொறையுதுன்னு தெரியுமா?"

"தெரியும் சார். தண்ணியோட வெளிய போயிருக்கும்னு நெனச்சுட்டேன்."

"அத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பாய்."

"சொல்லத்தான் சார் வந்தேன். பாப்பா டீ குடுத்துச்சு..." என்று தொடங்கியவர், அது காரணம் ஆகாது என்று தமக்கே தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

விஜயகுமார், "மூடியத் தொறந்தது நான்தான். அதுக்கு நீ என்ன பண்ணுவ? சாப்பிட்டுட்டுப் போ," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பாஷா இப்போதும் சபீஹாவிடம் சொல்வதுண்டு.

கை ஆறியது. ஆனால் தோல் சுருங்கியதில் விரல்கள் முழுவதும் மடங்காமல் நின்றுவிட்டன. பாய்மரக் கயிறு இறுக்கிப் பிடிக்காதவரிடம் நிற்காது. அடுத்த மாங்காய்ப் பருவத்துக்குள் பெங்களூருக்காரர் ஒருவர் வந்து படகை வாங்கிப் போனார். கூலரைச் சுத்தம் செய்து, எஞ்சினை நெடுநேரம் ஓட்டிக் காட்டி ஒப்படைத்தவர் பாஷா. ஹரிணி அங்கிருந்து தந்தையிடம் படகைப் பற்றிக் கேட்பதில்லை.

இப்போதும் அந்த வீட்டு வேலைக்கு வேறு மெக்கானிக் வருவதில்லை. சென்ற கோடையில் போர் மோட்டார் நின்றபோதும் விஜயகுமார் பாஷாவைத்தான் கூப்பிட்டார். வேலை முடிந்தது. பாஷா பொட்டலத்தை நீட்டினார். விஜயகுமார் அதை வாளியில் போடவில்லை; மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்க்க முயன்றார். வலது கை விரல்களால் சணலின் நுனியைப் பிடிக்க முடியவில்லை. இடது கைக்கு மாற்றினார். மீண்டும் வலது கைக்கே வந்தார். அவிழ்த்துத் தர பாஷாவின் கை எழுந்தது. ஆனால் சோதித்துப் பார்க்கிறவருக்காகத் தாமே பிரித்துக் கொடுப்பது முறையாகுமா என்ற தயக்கத்தில், எழுந்த கை பாதியில் நின்றுவிட்டது. ஒருவழியாகப் பொட்டலம் பிரிந்தது. விஜயகுமார் உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"சரியா இருக்குது பாய்," என்றார்.

"சரிங்க சார்," என்றார் சாந்த் பாஷா.

அதற்குப் பிறகு அந்த வீட்டின் மிக்சி ஒருமுறை பட்டறைக்கு வந்தது. கழற்றிய உதிரியை அவர் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மதியச் சோறு கொண்டுவந்த சபீஹா பார்த்துக்கொண்டு நின்றார். கணவரின் விரல்கள் வழக்கமான முடிச்சைப் போடவில்லை. நுனியை இழுத்தால் உருவிக்கொண்டு வரும் முடிச்சு ஒன்றைப் போட்டன.

"என்னங்க, இப்டி லூசாக் கட்டறீங்க? கீழ விழுந்துடாதா?"

"விழாது. சாருக்கு."

அவர் சணலின் நுனியைச் சற்று நீளமாகவே வெளியே விட்டார்.